கிரீன் பார்க் ரயில் நிலையம் ஆளில்லாமல் மூடப்படவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்தின் பாத் நகரம் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். ரோமானியர்கள் கட்டிய வெந்நீர்க் குளம், தேன் நிறக் கல் வீடுகள், பிறைபோல வளைந்து நிற்கும் ராயல் கிரசென்ட் எல்லாம் நன்றாக வந்திருந்தன. நடுவில் ஒரு வரிதான் இடித்தது. ஊரின் மேற்குப் பக்கம் இருக்கும் கிரீன் பார்க் என்ற பழைய ரயில் நிலையம் பயணிகள் வராததால் மூடப்பட்டு இப்போது சந்தையாக இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தார்கள். நான் பக்கத்தில் பிரிஸ்டலில் குடியிருக்கிறேன், அந்தச் சந்தையில் காய்கறி வாங்குகிறவன், அந்த நிலையத்தின் கதையைத் தேடித் தேடிப் படித்தவன். பயணிகள் வராததால் மூடினார்கள் என்பது சரியில்லை. வந்துகொண்டிருந்த பயணிகளை வேறு பாதைக்குத் திருப்பிவிட்டு, அப்புறம் யாரும் வருவதில்லை என்று சொல்லி மூடினார்கள். இந்த வித்தியாசத்தை உங்கள் வாசகர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் இருக்கும், இடம் கிடைத்தால் முழுதாகப் போடுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பாத்தில் இன்று ரயில் நிற்கும் நிலையத்தின் பெயர் பாத் ஸ்பா. அது இசம்பார்ட் புரூனல் என்ற பொறியாளர் கிரேட் வெஸ்டர்ன் கம்பெனிக்காகப் போட்ட லண்டன்-பிரிஸ்டல் பாதையில் இருக்கிறது. 1840 ஆகஸ்ட் 31 அன்று திறந்தார்கள், அடுத்த ஆண்டு ஜூன் 30 முதல் லண்டனிலிருந்து நேராகவே வண்டி வந்தது. அதைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. கிரீன் பார்க் அதற்குப் போட்டியாக வந்த இன்னொரு கம்பெனியின் நிலையம்.

மிட்லண்ட் ரயில்வே என்று ஒரு கம்பெனி, டெர்பி நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்டது. பர்மிங்காமிலிருந்து பிரிஸ்டலுக்கு வரும் பாதை அவர்கள் கையில் இருந்தது. அந்தப் பாதையில் மேங்கட்ஸ்ஃபீல்டு என்ற இடத்திலிருந்து பத்து மைலுக்கு ஒரு கிளை போட்டு, கிரேட் வெஸ்டர்ன் தன் சொந்த ஊராக நினைத்துக்கொண்டிருந்த பாத்துக்குள் நுழைந்தார்கள். பாதை 1869 ஆகஸ்ட் 4 அன்று திறந்தது. ஏவன் ஆற்றின் மேல் பாலம் அதற்குள் முடியவில்லை, அதனால் சில மாதங்களுக்குத் தற்காலிக நிலையத்தை வைத்துச் சமாளித்தார்கள். பாலம் முடிந்து, 1870 மே 7 அன்று இப்போது நாம் பார்க்கும் கட்டடம் திறந்தது. ஊர் மக்கள் பக்கத்துச் சதுக்கத்தின் பெயரைச் சேர்த்து குவீன் ஸ்கொயர் ஸ்டேஷன் என்றார்கள். கிரீன் பார்க் என்ற பெயர் வெகு தாமதமாக, 1951இல்தான் வந்தது.

பத்து மைல் கிளைப் பாதையின் கோடியில் இவ்வளவு பெரிய கட்டடமா என்று முதல் தடவை பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். காரணம் பாத்தின் வெந்நீர். 46 டிகிரி சூட்டில் நாளுக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் பூமியிலிருந்து தானாகப் பொங்கி வருகிற தண்ணீர், மூட்டுவலிக்கும் தோல் நோய்க்கும் நல்லது என்று ரோமானியர் காலத்திலிருந்தே நம்பிக்கை. 18ஆம் நூற்றாண்டில் லண்டன் பணக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து தங்கிய ஊர் இது. 19ஆம் நூற்றாண்டில் மோகம் கடற்கரை ஊர்கள் பக்கம் திரும்பி பாத் கொஞ்சம் களை இழந்திருந்த நேரத்தில்தான், பர்மிங்காமிலிருந்தும் அதற்கு வடக்கே இருந்த ஆலை நகரங்களிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவர மிட்லண்டின் பாதை வந்தது. பணமுள்ளவர்கள் இறங்கும் ஊரில் நிலையமும் அதற்கேற்ற மாதிரி இருக்க வேண்டும் அல்லவா? தெருப்பக்கம் நின்று பார்த்தால் அது ரயில் நிலையம் என்றே தெரியாது. பாத்தின் அதே கல்லில், ஊரின் மற்ற மாளிகைகளோடு ஒட்டிப் போகும்படி, உயரமான தூண்கள் வரிசையாக நிற்கும் முகப்பு. வாசலைத் தாண்டி உள்ளே போனால் காட்சி அடியோடு மாறிவிடும். 66 அடி அகலத்துக்கு நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல், இரும்பு வளைவுகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவி நிற்க, அவற்றின் மேல் கண்ணாடிக் கூரை. மேகமூட்டமான நாளில்கூட உள்ளே வெளிச்சம் நன்றாக இருக்கும். முகப்பைக் கட்டியவர்கள் ஊரின் பழமைக்கு மரியாதை கொடுத்தார்கள், கூரையைப் போட்டவர்கள் தங்கள் காலத்துத் தொழிலைக் காட்டினார்கள். இரண்டையும் ஒரே கட்டடத்தில் இவ்வளவு அழகாகச் சேர்த்த இன்னொரு சிறிய நிலையத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் இந்த நிலையத்தைப் பெரிய நிலையமாக்கியது மிட்லண்ட் மட்டும் இல்லை, தெற்கிலிருந்து மலை ஏறி வந்த இன்னொரு பாதையும்தான். சாமர்செட் அண்ட் டார்செட் ரயில்வே என்று ஒரு சின்னக் கம்பெனி. இரண்டு உள்ளூர்ப் பாதைகள் 1862இல் சேர்ந்து உண்டானது. கையில் பணம் கிடையாது, ஆசை மட்டும் நிறைய. எவர்கிரீச் என்ற கிராமத்திலிருந்து மெண்டிப் மலைகளைத் தாண்டி பாத் வரை 26 மைல் பாதை போட்டுவிட்டால், வடக்கே இருக்கும் ஆலை நகரங்களையும் தெற்குக் கடற்கரையையும் இணைத்துவிடலாம், நடுவில் ராட்ஸ்டாக் பகுதியின் நிலக்கரியையும் ஏற்றலாம் என்று கணக்குப் போட்டார்கள். மலை, பள்ளத்தாக்கு, பாலம், சுரங்கம் எல்லாம் உள்ள அந்தப் பாதையைச் சுமார் இரண்டே ஆண்டுகளில் முடித்து, 1874 ஜூலை 20 அன்று பாத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். கணக்கு சரிதான், வண்டிகளும் சரக்கும் வந்தன. ஆனால் கட்டிய செலவில் கம்பெனியே மூழ்கிவிட்டது. அடுத்த ஆண்டே, 1875 நவம்பரில், மிட்லண்டும் லண்டன் அண்ட் சவுத் வெஸ்டர்ன் கம்பெனியும் சேர்ந்து அந்தப் பாதையை 999 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டன. 999 ஆண்டுக்கு எழுதிக் கொடுத்த பாதை நூறாண்டுகூட ஓடவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

இந்தப் பாதை ஏன் கடினமானது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் இதையே காரணம் காட்டித்தான் மூடினார்கள். நிலையத்தை விட்டுக் கிளம்பி அரை மைலில் பாத் ஜங்ஷன் வரும். அங்கே பாதை பிரிந்து உடனே மேலே ஏறத் தொடங்கும், 50 அடிக்கு ஓர் அடி ஏற்றம். அதுவும் ஒற்றைப் பாதை, மிட்ஃபோர்டு வரை. எதிர் வண்டி வராது என்பதற்கு அடையாளமான டேப்லெட்டை வாங்காமல் எந்த டிரைவரும் உள்ளே போக முடியாது. ஓடுகிற வண்டியிலிருந்தே அதைக் கொடுத்து வாங்க, அந்தக் கம்பெனியின் இன்ஜின் பிரிவுத் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் விட்டேக்கர் ஒரு கருவியையே கண்டுபிடித்தார். ஏறுகிற வழியில் இரண்டு சுரங்கங்கள். முதலாவது டெவன்ஷயர், சுமார் 400 மீட்டர். இரண்டாவது கூம் டவுன், 1,829 கெஜம், அதாவது கிட்டத்தட்ட 1.7 கிலோமீட்டர். அவ்வளவு நீளத்துக்கும் புகை போக ஒரு துவாரம்கூட வைக்கவில்லை. சுரங்கமோ குறுகல், இன்ஜினின் புகைபோக்கிக்கும் மேற்கூரைக்கும் நடுவில் இடைவெளியே குறைவு. இதையெல்லாம் தாண்டிய பிறகும் மெண்டிப் மலைமேல் 811 அடி உயரத்தில் இருக்கும் மாஸ்பரி உச்சி வரை ஏறி இறங்கி, ஏறி இறங்கித்தான் போக வேண்டும்.

1929 நவம்பர் 20 அன்று நடந்ததைப் படித்தால் அந்தச் சுரங்கம் எப்படிப்பட்டது என்று புரியும். பாத்தை நோக்கி வந்த ஒரு சரக்கு ரயில், பாரம் அதிகம், ஏற்றத்தில் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. கூம் டவுனுக்குள் அந்த வேகத்தில் போனபோது இன்ஜினின் சொந்தப் புகையே டிரைவரையும் ஃபயர்மேனையும் சூழ்ந்து, இரண்டு பேரும் மயங்கி விழுந்துவிட்டார்கள். வண்டியைப் பிடிக்க ஆளில்லை. அது தானாகவே மெதுவாக ஊர்ந்து உச்சியைத் தாண்டி, மறுபக்கம் இறக்கத்தில் வேகம் பிடித்து, நேராகப் பாத்தின் சரக்கு யார்டுக்குள் பாய்ந்து கவிழ்ந்தது. டிரைவரோடு சேர்த்து மூன்று பேர் இறந்தார்கள். ஃபயர்மேன் பிழைத்தார். இப்படிப்பட்ட இடத்தில் தினமும் வேலை பார்த்த மனிதர்களை நினைத்துவிட்டுத்தான் அந்தப் பாதையின் லாப நஷ்டக் கணக்கைப் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

சரி, அந்தப் பாதையில் யார் போனார்கள்? இதுதான் கேள்வி. மான்செஸ்டரிலிருந்து போர்ன்மவுத் கடற்கரைக்கு நேராகப் போகும் விரைவு ரயில் 1910இல் தொடங்கியது. போர்ன்மவுத்தின் பைன் மரங்களை வைத்து 1927இல் அதற்கு பைன்ஸ் எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தார்கள். பாத்திலிருந்து போர்ன்மவுத் வெஸ்ட் நிலையம் வரை 71 மைல் சொச்சம். கோடைக்காலச் சனிக்கிழமைகளில் அந்த ஒரு வண்டி போதாது. ஆலைகளுக்கு விடுமுறை விட்டதும் வடக்கு நகரங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கிளம்புவார்கள், அவர்களுக்காக ஒன்றன்பின் ஒன்றாகச் சிறப்பு ரயில்கள் பாத்துக்குள் வந்து நிற்கும்.

வந்து நின்றால் அடுத்த வேலை ஆரம்பிக்கும். பாத் முனைய நிலையம், பாதை அங்கே முடிந்துவிடும். வடக்கிலிருந்து வண்டியை இழுத்து வந்த இன்ஜின் தடுப்புக் கட்டைக்கும் பெட்டிகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும். அதற்குள் மறுமுனையில் தெற்குப் பாதையின் இன்ஜின் பின்பக்கமாக வந்து பெட்டியோடு சேரும். நீளமான வண்டி என்றால் ஓர் இன்ஜின் மலை ஏற்றத்துக்குப் போதாது, முன்னால் துணைக்கு இன்னொன்றை மாட்டுவார்கள். கொக்கி மாட்டி, குழாய் இணைத்து, பிரேக் சோதித்துப் பார்த்து, கார்டு பச்சைக் கொடி காட்டியதும் எந்தப் பக்கமாக உள்ளே வந்ததோ அந்தப் பக்கமாகவே வண்டி வெளியே போகும். அது போன பிறகுதான் மாட்டிக்கொண்டிருந்த பழைய இன்ஜினுக்கு விடுதலை. இவ்வளவும் சில நிமிடங்களில் நடந்தாக வேண்டும், ஏனென்றால் பின்னால் அடுத்த வண்டி சிக்னலில் காத்துக்கொண்டிருக்கும். இருக்கிற பிளாட்பாரமோ இரண்டே இரண்டு. இதைச் சலிக்காமல் படம் பிடித்தவர் ஐவோ பீட்டர்ஸ் என்ற பாத்காரர். தன் பென்ட்லி காரில் பாதை ஓரமாகவே சுற்றிச் சுற்றி அவர் எடுத்த புகைப்படங்களும் அசையும் படங்களும் இல்லையென்றால் நமக்கு இதில் பாதிகூடத் தெரிந்திருக்காது. அந்தப் படங்களில் பெட்டிகள் காலியாகப் போகவில்லை.

இரண்டாம் உலகப் போரில் 1942 ஏப்ரல் கடைசியில் ஜெர்மன் விமானங்கள் பாத் மேல் குண்டு போட்டன. ஊரில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். நிலையத்தின் கூரைக் கண்ணாடி நொறுங்கியது. போர் முடிந்து, 1948இல் ரயில்வேக்கள் எல்லாம் அரசுடைமையாகியும் அந்தக் கண்ணாடியை யாரும் திரும்பப் போடவில்லை. கடைசி நாள் வரை பயணிகள் வெறும் இரும்பு வளைவுகளுக்குக் கீழே நின்றார்கள், மழை நேராகத் தலையில் விழுந்தது. ஒரு நிலையத்தின் மேல் நிர்வாகத்துக்கு எவ்வளவு அக்கறை இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டாம்.

அப்புறம் 1958. பாதையின் வடக்குப் பாதி, பாத் உட்பட, வெஸ்டர்ன் ரீஜன் என்ற மண்டலத்தின் பொறுப்புக்குப் போனது. பழைய கிரேட் வெஸ்டர்ன் கம்பெனிதான் அரசுடைமைக்குப் பிறகு அந்த மண்டலமாக மாறியிருந்தது. அதாவது, 1869 முதல் இந்த நிலையத்தைப் போட்டியாளராகப் பார்த்தவர்களின் வாரிசுகள் கையிலேயே நிலையம் வந்து சேர்ந்தது. இது திட்டமிட்ட பழிவாங்கல் என்று ரயில் ரசிகர்கள் பலர் சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஒவ்வொரு மண்டலமும் தன் பழைய பாதைகளுக்கு முதலில் வண்டி கொடுக்கும், அது மனித இயல்பு. ஆனால் விளைவு ஒன்றுதான்.

1960 வாக்கில் ஒரு நல்ல விஷயம் நடந்தது, அதுதான் எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. 9எஃப் என்ற வகையைச் சேர்ந்த புதிய, பலமான நீராவி இன்ஜின்களை இந்தப் பாதைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். இத்தனை ஆண்டுகள் இரண்டு இன்ஜின் இழுத்த வண்டியை இது ஒன்றே மலைமேல் இழுத்துக்கொண்டு போனது. செலவு அதிகம் என்ற புகாருக்கு விடையே கையில் கிடைத்த மாதிரி. ஆனால் 1962 செப்டம்பர் 8 அன்று பைன்ஸ் எக்ஸ்பிரஸ் கடைசித் தடவையாக இந்த வழியில் ஓடியது. பிரிட்டிஷ் ரயில்வே கட்டிய கடைசி நீராவி இன்ஜினான ஈவினிங் ஸ்டார், கட்டி முழுதாக மூன்று ஆண்டுகூட ஆகாதது, 12 பெட்டிகளைத் தனியாக இழுத்துக்கொண்டு போனது. அத்தோடு பைன்ஸ் எக்ஸ்பிரஸையும் வடக்கிலிருந்து வரும் மற்ற நேரடி ரயில்களையும் ஆக்ஸ்ஃபோர்டு, பேசிங்ஸ்டோக் பக்கம் சுற்றிப் போகும் பாதைகளுக்கு மாற்றிவிட்டார்கள். பயணிகள் எங்கும் போய்விடவில்லை ஐயா, அதே குடும்பங்கள் அதே கடற்கரைக்கு வேறு வழியாகப் போனார்கள். கிரீன் பார்க்கின் கணக்கில் மட்டும் அவர்கள் காணாமல் போனார்கள்.

அடுத்த ஆண்டு மார்ச்சில் பீச்சிங் அறிக்கை வந்தது. பெரிய ரசாயனக் கம்பெனி ஒன்றிலிருந்து ரயில்வே தலைவராகக் கொண்டுவரப்பட்ட டாக்டர் பீச்சிங், 2,363 நிலையங்களையும் சுமார் 5,000 மைல் பாதையையும் மூடச் சொன்னார். அந்த அறிக்கையின் பயணிகள் கணக்கு எடுக்கப்பட்டது 1961 ஏப்ரலில் ஒரே ஒரு வாரம். கடற்கரைக்குப் போகும் பாதையில் யார் வருகிறார்கள் என்று ஏப்ரல் மாதத்தில் போய் எண்ணினால் என்ன தெரியும்? ஆகஸ்ட் சனிக்கிழமைக் கூட்டம் அந்தக் கணக்கில் எப்படி வரும்? இன்னொன்றும் உண்டு. எந்த நிலையத்தில் டிக்கெட் விற்றதோ அந்த நிலையத்தின் வருமானமாகவே அதை வைத்தார்கள். மான்செஸ்டரில் டிக்கெட் எடுத்து போர்ன்மவுத் போகிற குடும்பம் இந்தப் பாதை முழுவதையும் பயன்படுத்தினாலும், பாதையில் இருக்கும் நிலையங்கள் பேரில் ஒரு பைசா ஏறாது. இந்த இரண்டு குறையும் அந்தக் காலத்திலிருந்தே சொல்லப்பட்டு வருபவை, நான் புதிதாகக் கண்டுபிடித்தவை இல்லை.

எதிர்ப்பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். உள்ளூர் வண்டிகளில், குளிர்காலத்து வாரநாட்களில், கூட்டம் குறைவுதான். ஒவ்வொரு சிறு நிலையத்திலும் சிக்னல் பெட்டி, அதில் ஆள், கேட்டில் ஆள் என்று சம்பளச் செலவு கூடுதல். வீட்டுக்கு வீடு கார் வந்துகொண்டிருந்த காலம் அது. மெண்டிப் மலைக் கிராமம் ஒவ்வொன்றுக்கும் தனி நிலையம் வைத்து ஓட்ட முடியாது என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் ஆளைக் குறைத்து, சின்ன டீசல் வண்டி விட்டு, ராட்ஸ்டாக் வரையாவது குறைந்த செலவில் ஓட்டிப் பார்க்கலாமே என்று கேட்டவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது? நேரடி ரயில்கள் போன கையோடு சரக்கும் வேறு வழிக்குப் போனது. எஞ்சிய வண்டிகளின் நேரத்தை மாற்றி, டெம்பிள்கூம் என்ற சந்திப்பு நிலையத்தில் லண்டன் வண்டியைப் பிடிக்க முடியாமல் ஆக்கிவிட்டார்கள் என்று பயணிகள் புகார் சொன்னார்கள். இணைப்பு வண்டி கிடைக்காத ரயிலில் யார் ஏறுவார்கள்? ஏறவில்லை. உடனே, பார்த்தீர்களா, ஆளே இல்லை என்றார்கள்.

1964 தேர்தலில் தொழிற்கட்சி பெரிய ரயில் பாதைகளை மூடுவதை நிறுத்துவோம் என்று வாக்குறுதி கொடுத்து ஜெயித்தது. அதே கட்சியின் அரசாங்கம்தான் 1965இல் இந்தப் பாதையை மூடச் சம்மதம் கொடுத்தது. முதலில் குறித்த நாள் 1966 ஜனவரி 3. ஆனால் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவதாகச் சொன்னவர்களில் ஒருவர் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டார், பஸ் இல்லாமல் மூட முடியாது என்பது சட்டம். அதனால் அவசர அட்டவணை என்ற பெயரில் நாளுக்குச் சில வண்டிகளை மட்டும் வைத்து இரண்டு மாதம் இழுத்தார்கள். பாதையில் மிச்சமிருந்த கொஞ்ச உயிரும் அந்த இரண்டு மாதத்தில் போய்விட்டது. மார்ச் 5, 6 தேதிகளில் ரயில் ரசிகர் சங்கங்கள் சிறப்பு வண்டிகள் விட்டன, பாலங்களிலும் மேடுகளிலும் கேமராவோடு கூட்டம். 1966 மார்ச் 7 திங்கட்கிழமை முதல் நிலையம் மூடப்பட்டது. மிட்லண்ட் பக்கத்துப் பாதையிலும் அதே நாளோடு பயணிகள் வண்டி நின்றது. நகரத்தின் கேஸ் தொழிற்சாலைக்கு நிலக்கரி மட்டும் 1971 வரை வந்துகொண்டிருந்தது.

இதற்குப் பிறகு நடந்ததில்தான் பாத் மக்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பாத்தில் பழைய வீடுகளைத் தெருத் தெருவாக இடித்துக்கொண்டிருந்தார்கள், சாதாரண மக்கள் குடியிருந்த 18ஆம் நூற்றாண்டு வீடுகள் நூற்றுக்கணக்கில் போயின. அந்த நேரத்தில் கூரை ஒழுகி, துருப்பிடித்து, கார் நிறுத்தும் இடமாகக் கிடந்த ஒரு ரயில் கொட்டகையும் போயிருக்க வேண்டியது. போகாததற்குக் காரணம் 1971இல் அதைப் பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் சேர்த்தது. பின்னால் நகர மன்றம் வாங்கியது. பின்பக்க நிலத்தில் கடை கட்ட வந்த செயின்ஸ்பரிஸ் நிறுவனம் கட்டடத்தையும் பழுதுபார்க்க ஒத்துக்கொண்டது. 1982இல் வேலை முடிந்தபோது, போரில் உடைந்த கண்ணாடி 40 ஆண்டு கழித்துக் கூரைக்குத் திரும்பியது. 1997இல் பிரிட்டனின் முதல் விவசாயிகள் சந்தை இந்தக் கூரையின் கீழ்தான் தொடங்கியது. பக்கத்துப் பண்ணைக்காரர்களே கொண்டுவந்து விற்பார்கள், மண் ஒட்டிய கேரட், பாலாடைக்கட்டி, ஆப்பிள் சாறு எல்லாம் கிடைக்கும். உங்கள் கட்டுரையாளர் அந்தச் சந்தையைப் பற்றி எழுதியது முழுக்கச் சரி.

பாதைகளும் முழுதாக அழிந்துவிடவில்லை. பிரிஸ்டலில் 1977இல் சைக்கிள் ஆர்வலர்கள் தொடங்கிய ஓர் அமைப்பு, மிட்லண்ட் பாதையின் தடத்தை 1979 முதல் 1986 வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சைக்கிள் பாதையாக மாற்றியது. பிரிட்டன் முழுக்கச் சைக்கிள் பாதைகளை உருவாக்கிய சஸ்ட்ரான்ஸ் என்ற அமைப்பு அதிலிருந்து வளர்ந்ததுதான். நடுவில் பிட்டனில் தன்னார்வலர்கள் கொஞ்ச தூரம் தண்டவாளம் போட்டு நீராவி வண்டியும் ஓட்டுகிறார்கள். தெற்குப் பக்கத்தில், அடைத்துக் கிடந்த கூம் டவுன் சுரங்கத்தை 2013 ஏப்ரல் 6 அன்று நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் திறந்துவிட்டார்கள். உள்ளே விளக்கு போட்டிருக்கிறார்கள், நடுவில் ஓரிடத்தில் இசை ஒலிக்கும். 1929இல் அந்த டிரைவரும் ஃபயர்மேனும் மயங்கி விழுந்த அதே சுரங்கத்தில் குழந்தைகள் சைக்கிள் ஓட்டிப் பழகுகிறார்கள்.

இவ்வளவு நல்லது நடந்தும் நான் ஏன் இன்னும் குறை சொல்கிறேன் என்று கேட்கலாம். கட்டடம் பிழைத்தது, பயணம் பிழைக்கவில்லை. பாத்திலிருந்து போர்ன்மவுத்துக்கு இன்று நேரடி ரயில் கிடையாது, சவுத்தாம்ப்டன் போய் வண்டி மாறுவதுதான் வழக்கம். ராட்ஸ்டாக், மிட்சோமர் நார்ட்டன், ஷெப்டன் மாலெட் ஆகிய ஊர்களுக்கு ரயிலே இல்லை. காலையில் பாத்துக்கு வேலைக்கு வருகிறவர்கள் காரிலோ பஸ்ஸிலோ மலை இறங்கி வந்து நெரிசலில் நிற்கிறார்கள்.

மூடிய பாதை திரும்ப வராது என்பதும் இல்லை. ஸ்காட்லாந்தில் 1969இல் மூடிய எடின்பரோ பக்கத்துப் பாதையில் 30 மைலை 2015இல் மறுபடி திறந்தார்கள். டெவனில் ஓக்ஹாம்ப்டனுக்கு 2021 நவம்பரில் தினசரி ரயில் திரும்பியது. இங்கிலாந்தின் வடகிழக்கே ஆஷிங்டனுக்கு 2024 டிசம்பரில் வந்தது. ஓக்ஹாம்ப்டனிலும் ஆஷிங்டனிலும் தண்டவாளம் கிடந்தது, சரக்கு வண்டிக்காகவோ வேறு எதற்காகவோ யாரோ அதைப் பிடுங்காமல் விட்டிருந்தார்கள். ஸ்காட்லாந்தில் பிடுங்கியிருந்தார்கள், அதனால் கட்டி முடிக்க 29 கோடி பவுண்டுக்கு மேல் ஆனது. பாத்தின் தெற்குப் பாதையிலோ தண்டவாளத்தைப் பிடுங்கியதோடு நிலத்தையும் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள், தடத்தின் மேல் பல இடங்களில் வீடுகள் வந்துவிட்டன. வண்டியை நிறுத்தியதைக்கூட ஒருவிதத்தில் மன்னித்துவிடலாம், பின்னால் வருகிறவர்கள் மனசு மாறினாலும் ஒன்றும் செய்ய முடியாதபடி நிலத்தை விற்றதுதான் பெரிய தவறு என்பது என் கருத்து. தடத்தை மட்டும் முழுதாக வைத்திருந்தால், ராட்ஸ்டாக் வரையாவது இன்று ரயில் விடுவதைப் பற்றிப் பேச முடிந்திருக்கும்.

ஆகவே அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். நேரடி ரயில்களை 1962இல் வேறு பாதைக்கு மாற்றிவிட்டு 1966இல் மூடினார்கள் என்று போட்டால் போதும், அதற்கு மேல் இடம் வேண்டாம்.

பாத்திலும் பிரிஸ்டலிலும் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் உங்கள் பத்திரிகையை இணையத்தில் படிக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு வார்த்தை. சனிக்கிழமை காலையில் சந்தை நடக்கும்போது போய்ப் பாருங்கள். முகப்பை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பாமல் உள்ளே நின்று கூரையை நிதானமாகப் பாருங்கள். அப்புறம் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு இரண்டு சுரங்கங்கள் வழியாக மிட்ஃபோர்டு வரை போய் வாருங்கள், உள்ளே குளிரும், மேலே ஒரு சட்டை வேண்டும். இன்னும் ஆர்வம் இருந்தால் பஸ் பிடித்து மிட்சோமர் நார்ட்டன் போங்கள். அங்கே பழைய நிலையத்தைத் தன்னார்வலர்கள் திரும்பக் கட்டி, கொஞ்ச தூரத்துக்குத் தண்டவாளமும் போட்டிருக்கிறார்கள். எல்லா நாளும் திறந்திருக்காது, போகும் முன் தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
பிரிஸ்டல்